ஆப்பிள் தெரியவில்லை என்றீர்களே

வணக்கம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரையும் நினைத்து ஒரு டீக் கலவை செய்தேன். பாட்டிக்குப் பட்டை, அம்மாவுக்கு ஏலக்காய், அப்பாவுக்கு ஆரஞ்சுத் தோல், எனக்குக் கிராம்பு, தம்பிக்கு உலர்ந்த ஆப்பிள். தம்பி தவறி இரண்டு வருடம் ஆகிறது. யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துத் தேயிலையில் கலந்தேன். குடித்துப் பார்த்தால் கிராம்பு மட்டும்தான். ஆப்பிள் போட்டதே தெரியவில்லை. ஆப்பிள் எசென்ஸ் விடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

எசென்ஸ் வேண்டாம். வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லோருக்கும் ஒரு ஸ்பூன் என்று நீங்கள் அளந்ததில்தான் சிக்கல் என்று தோன்றுகிறது. ஸ்பூன் சமமாக இருந்தாலும் வாசனை சமமாக இருக்காது.

கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை நறுமண எண்ணெய்தான். அதில் பெரும்பகுதி யூஜெனால். பல்வலிக்குக் கிராம்பை வைத்தால் ஈறு மரத்துப்போகிறதே, அந்தப் பொருள்தான். ஒரு ஸ்பூன் கிராம்பு விழுந்த டீயில் நாக்கு மற்ற ருசிகளைத் தேடிப் போகவே முடியாது. ஆப்பிள் இதற்கு நேரெதிர். காயும்போதே அதன் வாசனை பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது இனிப்பும் லேசான புளிப்பும். அந்த இரண்டும் இலை ஊறும் மூன்று நான்கு நிமிடத்தில் துண்டை விட்டு வெளியே வராது.

ஆரஞ்சு வகைப் பழங்களின் வாசனையை டீயில் சுமப்பது பெரும்பாலும் தோல்தான், சதை இல்லை. ஏர்ல் கிரே டீயின் வாசனையே பெர்கமாட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் தோலில் இருக்கும் எண்ணெய்தான். ஒரு ஆரஞ்சுத் தோலை விளக்குக்கு எதிரே பிடித்து, வெளிப்பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி சட்டென்று மடித்துப் பாருங்கள். பொடித் தூறல்போல எண்ணெய் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். அப்பாவின் பங்கு அதுதான். உள்பக்க வெள்ளைப் பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலில் காயவைத்து, மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். வெள்ளை இருந்தால் கசக்கும்.

அளவுக்கு வருகிறேன். 100 கிராம் தேயிலைக்குக் கிராம்பு ஆறு போதும். ஸ்பூனில் எடுக்காமல் எண்ணிப் போடுங்கள். பட்டை 5 கிராம், கையால் நொறுக்கியது. பொடி வேண்டாம், டீ கலங்கிவிடும். ஏலக்காய் பத்து, தோலோடு லேசாக நசுக்கியது. ஆரஞ்சுத் தோல் 10 கிராம். இது என் கையளவுதான், உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கிராம்பை மட்டும் கூட்டாதீர்கள். அது உங்கள் பங்கு என்பதால் சொல்கிறேன், ஆறு இருந்தாலும் நீங்கள் அதில் தெரிவீர்கள்.

என் அம்மாவின் பிறந்தநாளுக்கு நான் ஒரு கலவை செய்தபோது ஒரு தவறு நடந்தது. டப்பாவின் மேலே எடுத்த முதல் கோப்பையில் வெறும் தேயிலை, கடைசிக் கோப்பையில் எல்லாக் கிராம்பும். கனமானவை அடியில் இறங்கிவிடும். அம்மாவுக்குக் கிடைத்தது அந்த முதல் கோப்பை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டப்பாவைக் குலுக்கிக் கிளறிவிட்டு எடுங்கள். கலந்த உடனே குடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். தேயிலை சுற்றியுள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும். மூடிய டப்பாவில் ஒரு வாரம் இருக்கட்டும்.

அப்புறம், ஆப்பிள். அதைக் கலவையில் சேர்க்காமல் தனி டப்பாவில் வையுங்கள். தம்பியை மட்டும் ஒதுக்கி வைப்பதுபோல் உங்களுக்குத் தோன்றலாம். காரணம் ஈரம்தான். கையில் வளைகிற ஆப்பிள் துண்டில் ஈரம் இருக்கிறது. அதைத் தேயிலை குடித்துவிட்டால் மொத்தக் கலவையும் நமத்துப்போகும்.

இரண்டு கோப்பை தண்ணீரை அடுப்பில் வையுங்கள். தேயிலை அளவுக்குப் பொடியாக நறுக்கிய ஆப்பிள் இரண்டு ஸ்பூன் போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீர் லேசாக நிறம் மாறி, துண்டுகள் உப்பி வரும். அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், மெல்லிய இனிப்பு இருக்கும். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்து, மற்ற நால்வரும் இருக்கும் கலவையை இரண்டு ஸ்பூன் போட்டு மூடிவிடுங்கள். நான்கு நிமிடம். வடிகட்டிப் பால் விடாமல் குடியுங்கள். பால் விட்டால் ஆப்பிள் மறுபடி அடங்கிவிடும்.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அம்மா குடித்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.