“கேள்வி ஏதாவது உண்டா?” என்றதும் வாயடைத்துப் போகிறேன்

கேள்வி: நர்சிங் டிப்ளமோ முடித்தவள் நான். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக ஜப்பானிய மொழி படித்து, மொழித்திறன் தேர்வில் தொடக்க நிலையான என்4-லும் தேறிவிட்டேன். இரண்டு முறை வீடியோ நேர்காணல் நடந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் “உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா?” என்றார்கள். ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. நூறு கேள்விகள் அடங்கிய புத்தகமும் சிறப்புப் பயிற்சியும் தருவதாகச் சொல்லி ஏஜென்ட் 40,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சேராதீர்கள். நூறு கேள்விகளை மனப்பாடம் செய்து போனால், நூற்றியோராவது தேவைப்படும்போது மறுபடியும் இதே நிலைமைதான்.

முதலில், இது உங்கள் குறை இல்லை. நீங்கள் எழுதிய என்4 தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதற்கு மாற்றாக ஏற்கப்படும் ஜேஎஃப்டி பேசிக் தேர்வும் கணினி முன் உட்கார்ந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2019 ஏப்ரலில் தொடங்கிய குறித்த திறன் விசாவில் பராமரிப்பு வேலைக்கு இந்தச் சான்றிதழோடு பராமரிப்புத் திறன் தேர்வும் பராமரிப்பு ஜப்பானியத் தேர்வும் கேட்பார்கள்; அவையும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள்தான். கேள்வி கேட்கத் தெரியுமா என்று யாருமே பார்க்காமல், வலியில் முனகும் முதியவரின் கட்டிலருகே ஒரு பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவது என்ன ஏற்பாடு? இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன், இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். உங்களுக்கு ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வாக்கியத்தையே புரட்ட வேண்டும். தமிழில் வேண்டாம். ‘வருகிறீர்கள்’ என்பதோடு ஓர் ஆ சேர்த்தால் ‘வருகிறீர்களா’. ஜப்பானியத்திலும் அதே வேலைதான். ‘கிமாஸ்’ என்றால் வருகிறார், ‘கிமாஸ் க’ என்றால் வருகிறாரா. நம் ஆ செய்வதை அங்கே கடைசியில் நிற்கும் க செய்கிறது. வேறு எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

சுட்டுச் சொற்களும் அப்படியே. நமக்கு இது, அது, எது. யாழ்ப்பாணத்தில் இன்றும் கேட்பவர் பக்கம் இருப்பதை ‘உது’ என்பார்கள். ஜப்பானியத்தில் கொரே, சொரே, அரே, தொரே: இது, உது, அது, எது. இந்த ஒற்றுமையைக் காட்டி ‘தமிழருக்கு முப்பது நாளில் ஜப்பானியம்’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். இரண்டும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது என்பது மட்டும் உங்களுக்குப் போதும். முப்பது நாளில் எந்த மொழியும் வராது.

நம்மவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘எங்கே’, ‘யார்’, ‘என்ன’ வந்தால் ஆ வராது. ‘எங்கே இருக்கிறதா’ என்று கேட்பதில்லை. மரியாதையான ஜப்பானியத்தில் வினாச்சொல் இருந்தாலும் கடைசியில் க வேண்டும். ‘தோய்ரே வ தொக்கோ தெஸ் க’ என்றால் கழிப்பறை எங்கே. அந்தக் க-வை விழுங்கினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

இன்னொன்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வேலையே அதில்தான் இருக்கிறது. ‘எங்கே வலிக்கிறது?’ என்பதற்கு ‘தொக்கோ க இத்தாய் தெஸ் க’ என்று கேட்க வேண்டும். முதல் க ‘கங்கை’யில் வருவது, கடைசி க ‘கடை’யில் வருவது. அந்த முதல் க இருக்கும் இடத்தில் என் மாணவிகள் பாதிப் பேர் ‘வ’ போட்டுவிடுவார்கள். தவறு. இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுத்துப் பேசும்போதுதான் ‘வ’ வரும். கழிப்பறை என்று ஒன்று இருப்பது இருவருக்கும் தெரியும், ஆகவே ‘தோய்ரே வ’ சரி. எங்கே வலி என்பதுதான் தெரியாதே! தெரியாததோடு ‘வ’ எப்படி ஒட்டும்? ‘யார் வந்தது?’ என்பதும் இதே கதைதான்: ‘தாரே க கிமாஷ்தா க’. வினாச்சொல் எழுவாயாக வாக்கியத்தின் முன்னால் வந்தால் ‘கங்கை’யின் க என்று நினைவில் வையுங்கள்.

‘வலிக்கிறதா, பரவாயில்லையா’ என்ற பொருளில் ‘தாய்ஜோபு தெஸ் க’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்களுக்குச் சிரமம் தர விரும்பாத முதியவர் ‘தாய்ஜோபு’ என்றுதான் சொல்வார். அது ‘நலம்’ என்றும் இருக்கலாம், ‘வேண்டாம், விடு’ என்றும் இருக்கலாம். எங்கே வலி என்று கேளுங்கள்.

‘அனாத்தா’ என்றால் ‘நீங்கள்’ என்று எழுதிவைத்திருப்பீர்கள். அடித்துவிடுங்கள். பெரியவரிடம் அந்தச் சொல் முகத்தில் அடித்தாற்போல இருக்கும். நாமும் ‘ஐயா, சாப்பிட்டாச்சா?’ என்றுதானே கேட்கிறோம்? அங்கே குடும்பப் பெயரோடு ‘ஸான்’ சேர்க்க வேண்டும். ‘தனக்கா ஸான், ஒமிஸு ஓ நொமிமாஸ் க’, அதாவது தனக்கா அவர்களே, தண்ணீர் குடிக்கிறீர்களா? பாசத்தில் தாத்தா, பாட்டி என்று அழைப்பதும் கூடாது; முதியோர் இல்லங்களில் அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவதைப் பார்த்து நீங்களும் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். ‘தென்க்கி’ என்று எழுதிவைத்திருந்த மாணவி ஒருத்தி, இன்று வானிலை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்து, மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் முதல் எழுத்தின் வல்லோசை, மெல்லோசை மட்டுமே. நம் ‘த’ இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிராகானாவில் எழுதினால் மேலே இரண்டு சிறு கோடுகள் அந்த வேலையைச் செய்துவிடும். எழுத்துகள் மொத்தம் 46. ஆங்கில எழுத்தில் எழுதிக் கற்பிக்கும் வகுப்பில் பணம் கட்டியிருந்தால், அதையும் இன்றே நிறுத்துங்கள்.

பணம் பற்றி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். அதனால்தான் மீதியைப் ‘பயிற்சி’, ‘புத்தகம்’, ‘நேர்காணல் வழிகாட்டல்’ என்று பெயர் மாற்றிக் கறக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரோடு பேச்சையே நிறுத்துங்கள்.

அடுத்த நேர்காணலில் ‘ஷித்ஸுமோன் வ அரிமாஸ் க’ என்று அவர்கள் கேட்கும்போது மூன்றே மூன்று கேளுங்கள். ‘ரியோ வ அரிமாஸ் க’, தங்கும் விடுதி உண்டா? ‘யாச்சின் வ இக்குரா தெஸ் க’, வாடகை எவ்வளவு? ‘யக்கின் வ நன்ஜி கரா தெஸ் க’, இரவுப் பணி எத்தனை மணியிலிருந்து? வாடகையைக் கேட்கத் தயங்காதீர்கள். அது உங்கள் சம்பளத்திலிருந்து போகும் பணம். பதில் புரியாவிட்டால் தலையாட்டி வைக்காமல், ‘மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமாஸ்’, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேளுங்கள். தொகையைச் சொன்னதும் எதிரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒப்பந்தம் வரும்போது அதே எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.