கல்லூரியில் 5,000 யார்டு எறிந்த குவாட்டர்பேக்கை என்எஃப்எல் ஏன் நம்புவதில்லை?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக்; கல்லூரியில் ஒரே சீசனில் 5,000 யார்டுக்கு மேல் பாஸ் எறிந்தவர்கள்கூட, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கடைசிச் சுற்றுக்குத் தள்ளப்படுவது ஏன், அப்படியானால் யாரை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

2014 அக்டோபரில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகக் குவாட்டர்பேக் கானர் ஹாலிடே, கலிஃபோர்னியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 734 யார்டு எறிந்தார். அணி 60-59 என்று தோற்றது. 2016 அக்டோபரில் டெக்சாஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ், ஒக்லஹோமாவுக்கு எதிராக அச்சு அசலாக அதே 734 எறிந்து 66-59 என்று தோற்றார். இருவரும் ஆடியது ஏர் ரெய்டு, அதாவது பெரும்பாலும் பந்தை எறிந்தே முன்னேறும் வகை ஆட்டம்தான். ஹாலிடேயை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை (அதே சீசனில் அவருக்குக் கால் முறிந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்). மஹோம்ஸுக்காக என்எஃப்எல் அணியான கான்சாஸ் சிட்டி, டிராஃப்ட் வரிசையில் 27ஆவது இடத்திலிருந்து 10க்கு விலை கொடுத்து ஏறி வந்தது. அந்த 734ஐ மட்டும் வைத்துக்கொண்டு இருவரையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

ஏர் ரெய்டில் பந்தயம் முழுக்க நாலு ரிசீவர்கள் (பந்தைப் பிடிப்பவர்கள்) மைதானத்தின் அகலமெங்கும் பரவி நிற்பார்கள். ஆட்டத் திட்டங்கள் குறைவு. அவற்றையே மீண்டும் மீண்டும் பயிற்சி செய்வார்கள். இரண்டு பேர் குறுக்கும் நெடுக்குமாக ஓட, காலியாக இருப்பவனுக்குச் சட்டென்று பந்து போய்விடும். மீதி யார்டுகளை ரிசீவர் ஓடியே எடுப்பார், ஆனால் கணக்கு குவாட்டர்பேக் பெயரில் ஏறும். இதற்குக் கல்லூரி மைதானமும் துணை. அங்கே ஹாஷ் கோடுகளுக்கு (ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் இரு எல்லைகள்) நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். அதனால் கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கும். பயிற்சியாளர் மைக் லீச்சின் டெக்சாஸ் டெக்கில் பி.ஜே. சைமன்ஸ் 2003இல் 5,833 யார்டு எறிந்தார். ஏழாவது சுற்றில்தான் எடுத்தார்கள்.

ஆனால் "அவன் வெறும் சிஸ்டம் குவாட்டர்பேக்" (ஆட்டத் திட்டத்தின் தயவில் எண்களைக் குவிப்பவன்) என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அது சோம்பேறித்தனமான தீர்ப்பு. மேலே சொன்ன இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்த பக்கத்தில் இருந்தவர்கள் ஜாரெட் காஃபும் பேக்கர் மேஃபீல்டும். அவர்களும் இதே மரபில் வந்த ஆட்டம்தான் ஆடினார்கள்; 2016இலும் 2018இலும் டிராஃப்டின் முதல் தேர்வு அவர்கள்தான்.

நான் பார்ப்பது, திட்டம் உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை. மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 9 யார்டு வேண்டும், முதலில் பார்த்த ரிசீவரை அடைத்துவிட்டார்கள், டிஃபன்ஸ் ஆள் முகத்துக்கு நேரே வருகிறான். அப்போது குவாட்டர்பேக்கின் கண் கீழே இறங்கி அவனைப் பார்க்கிறதா, இல்லை மைதானத்தின் மேலேயே இருக்கிறதா? அடுத்த ரிசீவருக்குப் பார்வை நகரும்போது காலும் சேர்ந்து திரும்புகிறதா? ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்புகிறதா? மஹோம்ஸின் கல்லூரி வீடியோக்களில், ஓடிக்கொண்டே உடம்பு கோணலாக இருக்கும்போதும் 50 யார்டு தாண்டிப் போய் விழும் பந்துகள் இருந்தன. அதை எந்தப் பயிற்சியாளரும் காகிதத்தில் வரைந்து கொடுக்க முடியாது. ஸ்கிரீன் பாஸ்களையும் (பக்கத்திலேயே நிற்பவருக்குக் கொடுக்கும் குட்டிப் பாஸ்கள்), யாருமே காவல் இல்லாத ரிசீவருக்குப் போனவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். சிலரிடம் ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து எறிதல்தான் தேறும்.

அப்புறம், போய்ச் சேரும் இடம். முதல் வருடம் மஹோம்ஸ், அணியின் அனுபவமிக்க குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றார். 2018இல் 50 டச்டவுன் பாஸ். காஃப் முதல் வருடம் ஆரம்ப குவாட்டர்பேக்காக இறங்கிய 7 ஆட்டங்களிலும் அவருடைய அணியான ராம்ஸ் தோற்றது. 2017இல் ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்ததும் அதே காஃபோடு 11 ஆட்டம் ஜெயித்து பிளேஆஃபுக்குப் போனார்கள். அதனால் ஒருவரை எடைபோடும்போது, அவரை எடுக்கப்போகும் அணியின் பயிற்சியாளர் யார் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் நான் வாய் திறப்பேன்.