முன்பின் தெரியாத நாலு பேர்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நானும் சுங்கை சிப்புட்தான். எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறேன். ராத்திரியில் கைப்பேசியில் மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாடுவேன், அணிக்கு ஐந்து பேர் ஆடும் சண்டை ஆட்டம். கூட்டாளிகள் எல்லாம் ஜோகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டதால் தனியாகத்தான் ஆட்டத்தில் நுழைகிறேன். என்னோடு சேரும் நாலு பேரும் முன்பின் தெரியாதவர்கள். யாரும் பேசுவதில்லை, பேசினால் கெட்ட வார்த்தை. ஆட்டம் நன்றாகப் போனால் நண்பராகச் சேர்த்துக்கொள்வேன். பட்டியலில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒருவரோடும் மறுபடி விளையாடியதில்லை.

போன மாதம் எங்கள் டேங்க், முன்னால் நின்று அடி வாங்க வேண்டிய ஆள், ஒரே சொதப்பல். மைக்கில் மலாயில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். கடைசியில் ஒரு சின்னக் குரல், "சாரிண்ணா" என்றது. என் பேரைப் பார்த்துத் தமிழ் என்று தெரிந்துகொண்டான் போல. பன்னிரண்டு வயது இருக்கும். தமிழ்ப் பையன் என்று தெரிந்திருந்தால் திட்டியிருக்கவே மாட்டேன். அவனையும் பட்டியலில் சேர்த்தேன், ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

தெரியாதவர்களை வைத்து ஒரு நல்ல ஸ்குவாட், நிரந்தர அணி, சேர்ப்பது எப்படி? நெட்டில் ஒரு தேர்வு எழுதினேன். ஆட்டக்காரர்களை வகை பிரிக்கும் பார்ட்டில் முறையில் நான் 'கில்லர்' என்று வந்தது. அதனால்தான் நண்பர்கள் அமைவதில்லையா? என் பேரைப் பார்த்துச் சிலர் இனத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். இங்கிலீஷ் பேர் வைத்தால் குறையுமா? அம்மா, "தெரியாதவன்கூட ராத்திரியில் என்ன பேச்சு" என்கிறார். கைப்பேசி வேறு சூடாகி ஆட்டம் நின்று நின்று வருகிறது. ஆயிரம் வெள்ளிக்குள் எது வாங்கலாம்?

ச., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ச.,

உன் கடிதம் வந்த வாரத்தில் நானும் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் பிறந்த தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனையாகி, அப்புறம் தாமானாகி, இப்போது கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வருடத் திருவிழாவுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட வேண்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடும்போது மனதில் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தத் தேர்வைத் தூக்கிப் போடு. ரிச்சர்ட் பார்ட்டில் பெரிய ஆள்தான். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய 'மட்' என்ற ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடும் ஆட்டங்களின் வம்சம் அங்கிருந்துதான் வருகிறது. 1996-ல் ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடுத்தவரைச் சீண்ட வருபவர். கடைசி வகைதான் உனக்கு வந்த 'கில்லர்'. நீ எழுதிய கேள்வித்தாளை அவர் தயாரிக்கவே இல்லை, வேறு ஆட்கள் பின்னால் செய்தது. அதில் வந்த விடையைக் காட்டி நண்பன் அமையவில்லை என்பது சோம்பேறித்தனம்.

பேரை மாற்றாதே. பேரைப் பார்த்துத் திட்டுகிறவனுக்கு மியூட் இருக்கிறது, ரிப்போர்ட் இருக்கிறது. அந்தப் பேர் இருந்ததால்தான் ஒரு பையன் உன்னிடம் தமிழில் வாய் திறந்தான்.

இனி ஸ்குவாட். 'நல்ல' ஸ்குவாட் என்கிறாய். கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அந்த 'நல்ல'வுக்கு நீ வைத்திருக்கும் அர்த்தம், சாகாத டேங்க், காட்டில் வேட்டையாடி, நேரத்துக்கு டர்ட்டில் என்ற மிருகத்தை அடிக்கும் ஜங்ளர், அவ்வளவுதான். நீ கூட்டாளியைத் தேடவில்லை தம்பி, வேலைக்கு ஆள் தேடுகிறாய். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஆட்டமே சில நொடியில் நாலு பேரைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறதே, அப்புறம் என்ன குறை?

ஒரு காலத்தில் அப்படிக் கொடுக்காது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தபோது ஒரு குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டும். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், அடிக்க மூவர். பொது அரட்டையில் கூவிக் கூவித்தான் ஆள் சேர்க்க வேண்டும். காயம் ஆற்றுகிறவர் கிடைப்பதற்குள் பொழுது போய்விடும். கிடைத்தாலும் குகை வாசல்வரை பயணம் போக வேண்டும். ஆனால் ஐந்து பேரும் ஒரே சர்வர்க்காரர்கள். பொதுவில் கிடைத்த வாளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் பேர் மறுநாளே நாறிவிடும். பொறுமையாகக் காயம் ஆற்றியவர் பேரும் அப்படியே பரவும். 2009 டிசம்பரில் 'டன்ஜன் ஃபைண்டர்' வந்தது. ஒரு பொத்தான், அவ்வளவுதான். பல சர்வர்களிலிருந்து ஆள் பிடித்து நேரே குகைக்குள் இறக்கிவிடும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளே வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அடித்தார்கள், பொருளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். எதற்குப் பேச வேண்டும்? நாளைக்கு அவன் முகத்தில் விழிக்கப் போவதில்லையே. 2019 ஆகஸ்டில் அதே ஆட்டத்தின் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்று திரும்பக் கொண்டுவந்தபோது, அந்தப் பொத்தான் இல்லாமல்தான் கொண்டுவந்தார்கள். அதற்கும் கூட்டம் அலைமோதியது.

எனக்கு வாய்த்தது ரக்னரோக் ஆன்லைன். கொரிய ஆட்டம், 2002-ல் வந்தது. கொஞ்ச நாளில் நம் பக்கத்து சைபர் கஃபேகளில் அதுதான் ராஜா. நான் அகோலைட், காயம் ஆற்றுகிற ஆள். அதில் ஒரு வேடிக்கை, காயம் ஆற்றும் மந்திரத்தைச் செத்தும் நடமாடும் பிணங்கள் மேல் போட்டால் அவற்றுக்கு அடி விழும். அதனால் அகோலைட்டுகள் பாயோன் குகையே கதி என்று எலும்புக்கூடுகளோடு கிடப்போம். மந்திர சக்தி தீர்ந்துவிட்டால் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சீக்கிரம் ஏறும், அந்தக் காலத்துச் சீக்கிரம். நான் உட்கார்ந்தால் என்னை நம்பி வந்தவர்களும் உட்கார வேண்டும். கையில் வேலை இல்லை, எதிரே மனிதர்கள். பேசாமல் வேறென்ன செய்வது? 1999-ல் வந்த எவர்குவெஸ்ட்டில் இதைவிடக் கொடுமை. தொடக்க நிலை மந்திரவாதி சக்தி ஏற உட்கார்ந்தால் மந்திரப் புத்தகம் விரிந்து திரையை மறைத்துக்கொள்ளும். இதை எல்லாம் குறை என்று பிற்பாடு ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். பேச்சும் அதோடு போனது.

அந்தக் குகை வாசலில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாள்காரர் நிற்பார். மலாய்க்காரர், பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. முதல் கேள்வி எப்போதும் "சுடா மாக்கான்?", சாப்பிட்டாயா என்று. ஒருநாள் சண்டை நடுவில் என் கஃபே நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. கையில் காசில்லை, எழுந்து வந்துவிட்டேன். உள்ளே எல்லாரும் செத்திருப்பார்கள். மறுநாள் திட்டு விழும் என்று போனால், தனிச் செய்தியில் ஒரு நீளமான எண். ஆட்டத்துக்குக் காசு கட்டும் பத்து வெள்ளி ப்ரீபெய்ட் கார்டின் எண்! என் கார்டு காலாவதியாகிவிட்டது என்று மனிதர் நினைத்திருக்கிறார். கார்டு இருக்கிறது, கஃபே நேரம்தான் முடிந்தது என்றேன். "சரி, அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்" என்று உள்ளே நடந்துவிட்டார். அவருடைய நிஜப் பேர்கூட எனக்குத் தெரியாது.

நல்ல மனிதர், அதனால் செய்தார் என்பாய். இருக்கட்டும். ஆனால் மறுநாள் பத்து மணிக்கும் அதே வாசலில் அவருக்கு நான் வேண்டும், எனக்கு அவர் வேண்டும். அது இல்லையென்றால் அந்த நல்ல மனது வெளியே வர வழியே இருந்திருக்காது.

உன் அம்மா தெரியாதவன் என்கிறாரே, நம்மில் யார் யாருக்குத் தெரிந்தவர்கள்? நம் பாட்டன் பூட்டன்களைக் கங்காணி ஆள் சேர்த்து மலாயாவுக்குக் கப்பலேற்றிய காலம் அது. 1938-ல் இந்திய அரசு நிறுத்தும்வரை நடந்தது. ஒரே கங்காணி கொண்டுவந்தவர்கள் ஓர் ஊர்க்காரர்களாக இருந்திருக்கலாம். ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் யார் என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் பாட்டிக்குப் பக்கத்து வீட்டில் வாய்த்தது ஒரு தெலுங்குக்காரம்மா. குழாயடியில் இரண்டு பேரும் பிடித்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் விடிவதற்கு முன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால் அதே முகம், பால் நிறுக்கும் கொட்டகையில் அதே முகம், சாயங்காலம் குழாயடியில் திரும்ப அதே முகம். எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வது? என் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டிருந்தது அந்தத் தெலுங்குக்காரம்மாதான். இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சாதியும் பார்த்தார்கள், குடித்துவிட்டு மண்டையும் உடைத்துக்கொண்டார்கள். ஓடிப்போக இடமில்லாமல் பழகியவர்கள் அவர்கள். இன்றைக்கு என் தாமானில் ரிமோட்டை அமுக்கினால் கேட் திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கேட் மூடுகிறது. மூன்றாவது வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது. தோட்டத்துக் கோயில் பட்டியலில் மட்டும் அந்தத் தெலுங்குக்காரம்மாவின் பேரன்வரை எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது என்னை எரிச்சலூட்டிய வரி. "தமிழ்ப் பையன் என்று தெரிந்திருந்தால் திட்டியிருக்கவே மாட்டேன்." இதைப் பெருமையாகவா எழுதினாய்? அவன் இந்தோனேசியாவின் மேடான் பையனாக இருந்திருந்தால் திட்டலாமா? மணிலாப் பையனாக இருந்திருந்தால்? பக்கத்துக் கம்போங் பையனாக இருந்திருந்தால்? உன் இனத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று இதே கடிதத்தில் மூக்கைச் சிந்துகிறாய். உன்னைத் திட்டுகிறவனைக் கேட்டால் அவனும் இதையேதான் சொல்வான், நம்ம ஆள் என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பேன் என்று. இரண்டு பேரும் ஒரே கட்சி.

இன்னும் இருக்கிறது. உன் பட்டறையில் வேலை பழகும் பையன் ஒருவன் ஸ்பேனரைத் தவறவிட்டால் இந்த வார்த்தைகளைச் சொல்வாயா? மாட்டாய். முதலாளி பார்ப்பார், பையனின் அப்பா வண்டி விடுவதற்கு வருவார், பையனும் நாளைக்கு எதிரில் நிற்பான். இவன் கால் மணி நேரத்தில் மறைந்துபோகிறவன் என்ற தைரியம்தான் உன்னைப் பேச வைத்தது. அதுவும் டேங்க்! அடிக்கிற வேஷத்துக்கு எல்லா ஆட்டத்திலும் போட்டி. அடி வாங்குகிற வேஷம் கடைசியில் தேர்வு செய்கிறவன் தலையில் விழும். நீங்கள் நாலு பேரும் பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அந்தக் குழந்தையிடம் தள்ளியிருப்பீர்கள். அவன் செத்தது உங்களுக்கு முன்னால் நின்றதால்.

சரி, கோபம் போதும். பட்டியலில் அவன் இருக்கிறான் அல்லவா? இன்றைக்கே எழுது. பெரிய மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம், "அன்றைக்கு நான் பேசியது தப்பு, நாளைக்கு ஆடலாமா, டேங்க் நான் எடுக்கிறேன்" என்றால் போதும். பள்ளி நாளில் ஒன்பது மணிக்கு மேல் ஆன்லைனில் இருந்தால் போய்த் தூங்கச் சொல். மற்றவர்களுக்கும் இதுதான் வழி. ராத்திரி ஒரே நேரத்துக்கு வா. தோற்ற ஆட்டத்திலும் வாயை அடக்கிக்கொண்டு ஆடியவன் யாரோ அவனை முதலில் கூப்பிடு, ஜெயிக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்ததற்குப் பறக்காமல் லாபியில், ஆட்டத்துக்கு முன் கூடும் இடத்தில், கொஞ்ச நேரம் சும்மா இரு. சாப்பிட்டாயா என்று கேள். வீட்டு முகவரி, வங்கி எண், பாஸ்வேர்ட் இவற்றை மட்டும் யாரிடமும் வாய் தவறியும் சொல்லாதே. அந்த விஷயத்தில் அம்மாவின் பயம் நியாயமானது.

ஆயிரம் வெள்ளிக் கைப்பேசிக்கு என்னிடம் பதில் இல்லை. கவரைக் கழற்றிவிட்டு, சார்ஜில் போடாமல் ஆடிப் பார். சூடு குறைந்தால் காசு மிச்சம்.