கால்நடை கேள்வி பதில்: சிந்தாமணியில் மாடு வாங்கி வரும்போது

கேள்வி: கர்நாடகத்தின் சிந்தாமணியில் இரண்டு கலப்பினக் கறவை மாடுகளை வாங்கி, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவரப் போகிறேன். மருத்துவச் சான்றை இரண்டு நாள் முன்பே வாங்கி வைப்பதாகத் தரகர் சொல்கிறார். செல்லுமா?

பதில்: செல்லாது. 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, மாட்டுக்கான பயணத் தகுதிச் சான்றில், புறப்படுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மாட்டைப் பரிசோதித்ததாக மருத்துவர் கையெழுத்திட வேண்டும். தேதியோடு நேரமும் அதில் இருக்கும். வண்டியை முதலில் பேசி முடித்துவிட்டு, கிளம்பும் நாள் காலையில் மருத்துவரை அழையுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் காதுவில்லையின் 12 இலக்க எண்ணை மாட்டின் காதருகே நின்றே ஒப்பிடுங்கள். பழைய வில்லை அறுந்து புதிது போட்ட மாடுகளில் தடுப்பூசிப் பதிவு பழைய எண்ணிலேயே நின்றிருக்கும்; சோதனைச்சாவடியில் அது வேறு மாட்டின் சான்றாகவே தெரியும். நிறம், கொம்பு, வயது ஆகியவையும் பொருந்த வேண்டும். படிவத்தில் ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோய்த் தடுப்பூசி பற்றி ஒரு வரி உண்டு. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்துவிட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கோமாரித் தடுப்பூசித் தேதி. ஊசி போட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. நேற்றுப் போட்ட ஊசி சந்தையில் தொற்றும் கோமாரியைத் தடுக்காது.

கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டுப் பசுவதைத் தடுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. மாடு வெட்டுக்குப் போகவில்லை என்று காட்ட, விற்பனை ரசீதில் இருவர் முகவரியும், காதுவில்லை எண்ணும், ‘பால் உற்பத்திக்காக’ என்ற சொல்லும் இருக்கட்டும். அந்த ஊர்க் கால்நடைத் துறை அலுவலகத்தில் போக்குவரத்துக்கான ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டியில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். இரண்டுக்குச் சுமார் 43 சதுர அடி. டாடா ஏஸ் போதாது. 9 அடி நீளத் தளமுள்ள பிக்கப் பிடியுங்கள். தரையில் தேங்காய்நார் விரிப்பு, முதலுதவிப் பெட்டி, கூடவே ஓர் ஆள். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், மாடுகளின் எண்ணிக்கை, தீவன அளவு ஆகியவற்றைச் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டுவதும் விதிதான். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் தனிக் கொட்டகை. உங்கள் பழைய மாடுகளைக் கறந்த பிறகே இவற்றைக் கறக்க வேண்டும்.

கேள்வி: முந்தின நாள் கன்று ஈன்ற மாட்டை ஏற்றலாமா?

பதில்: கூடாது. ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாட்டையும், வழியில் ஈனக்கூடிய நிறைசினை மாட்டையும், பிறந்த கன்றையும் ஏற்ற விதி இடம் தரவில்லை. அதிகம் கறக்கும் மாட்டுக்கு ஈன்ற முதல் மூன்று நாளில்தான் பால் காய்ச்சல் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) பெரும்பாலும் வரும். பயணத்தில் தீவனம் எடுக்காவிட்டால் ஆபத்து கூடும். தீவனச் செலவைக் கொடுத்து, விற்றவரிடமே பத்து நாள் விட்டுவையுங்கள்.