பொண்ணு எம்.எஸ்.டபிள்யூ (சோசியல் ஒர்க் முதுகலைப் படிப்பு) தான் படிப்பேன்னு சொல்றா, நான் என்ன பண்றதுன்னு கேட்ட அப்பாவுக்கு

சார், நேத்து நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்டை ரெண்டு தடவை கேட்டேன். முதல் தடவை கேக்கும்போது எனக்குக் கோபம் வந்துச்சு, ரெண்டாவது தடவை தான் அது முழுக்க பயம்னு புரிஞ்சுது. "பி.காம்ல நல்ல மார்க் வாங்கிட்டு போயும் போயும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும்னு அடம்புடிக்கிறா, நீங்களாவது நாலு வார்த்தை சொல்லி எம்.பி.ஏ பக்கம் திருப்பி விடுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. திருப்பி விடமாட்டேன் சார். அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு சேத்து விடுங்கன்னும் சொல்லப் போறதில்ல.

நீங்க இந்த வேலையை சேவைன்னு நினைச்சிருக்கீங்க, உங்க பொண்ணும் அதையே தான் நினைச்சிருக்கா, நீங்க அதனால வேண்டாம்கிறீங்க அவ அதனால வேணும்கிறா, மொத்தத்துல அப்பாவும் பொண்ணும் ஒரே தப்பைத் தான் பண்றீங்க. மனசுல இரக்கம் இருக்கறவங்க நிறைய பேர் இந்தப் படிப்புக்கு வர்றாங்க, வெறும் இரக்கத்தை மட்டும் நம்பி வந்தவங்க சீக்கிரமே ஓஞ்சு போயிடறாங்க, இதை வருஷா வருஷம் பாக்கறேன். நின்னு நிலைக்கறது யாருன்னு பாத்தா, கேட்ட கேள்வியையே அலுக்காம திரும்பக் கேக்கறவங்க, கேட்டதை எழுதி வைக்கறவங்க, எழுதினதை வச்சு மறுநாள் காலையில நாலு பேருக்கு போன் போடறவங்க.

என்கிட்ட ஆலோசனைக்கு வந்து அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ சேந்த ஒரு பொண்ணு கதையைச் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விஷயத்தை மாத்தியிருக்கேன். ஃபீல்டு ஒர்க்குக்கு ஒரு மனநலக் காப்பகத்துல போட்டாங்க. அங்க ஒரு அம்மா பல வருஷமா இருக்காங்க. ஃபைலைத் தொறந்தா "முகவறி: தெரியாது. உறவினர்: இல்லை"ன்னு ரெண்டு வரி. முகவரிக்கு வல்லின ற போட்டிருக்கு. அடுத்த வருஷ ஷீட்லயும் அதே ற, அதுக்கு அடுத்த வருஷத்துலயும் அதே ற, கையெழுத்து மட்டும் வேற வேற. அதாவது அந்த ரெண்டு வரியை முதல்ல எழுதினவருக்கு அப்புறம் யாருமே அந்த அம்மாகிட்ட கேக்கல, பழைய ஷீட்டைப் பாத்து காப்பி அடிச்சிருக்காங்க, தப்போட சேத்து.

இந்தப் பொண்ணு தினமும் கால் மணி நேரம் அவங்க பக்கத்துல போய் உக்காந்திருக்கா. "உங்க ஊர் எது"ன்னு கேட்டா பதில் வரல. நாலாவது நாள் கேள்வியை மாத்தி, "பஸ்ஸை விட்டு இறங்கினா வீட்டுக்கு எந்தப் பக்கம் நடக்கணும்மா"ன்னு கேட்டிருக்கா. "ரயில்வே கேட்டைத் தாண்டி, தண்ணி டேங்க் பக்கத்துல"ன்னு டக்குனு வந்துச்சாம் பதில். அதை அப்படியே எழுதிக்கிட்டா. அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேர் கிடைச்சுது, அதுக்கு அடுத்த நாள் ஒரு தம்பி பேர். சூப்பர்வைசர்கிட்ட குடுத்து, அவர் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனாப் பேசி, மூணாவது வாரம் தம்பி நேர்ல வந்து நின்னார்.

இதோட சினிமா மாதிரி முடிஞ்சிருக்கும்னு தானே நினைக்கிறீங்க? தம்பி சட்டைப் பையில ஒரு நிலப் பத்திரம் இருந்துச்சு, அக்கா கையெழுத்து வேணுமாம். நம்ம பொண்ணு சந்தோஷத்துல கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்கா, சூப்பர்வைசர் மட்டும் "முதல்ல அந்த அம்மாவைத் தனியா கூட்டிட்டுப் போய் அவங்களுக்கு என்ன வேணும்னு கேளு"ன்னிருக்கார். கேட்டா, "தம்பியைப் பாத்தது போதும், மாசம் ஒரு தடவை போன் பேசினா போதும், இப்போ அங்க போக வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. கையெழுத்தும் போடல. அதையும் எழுதி, தேதி போட்டு, ஃபைல்ல வச்சாங்க. பாதுகாப்புன்னு நாங்க சொல்றது இதைத் தான் சார். குடும்பத்தோட சேத்து வைக்கறதும் பாதுகாப்பு தான், சேத்து வைக்கறதுக்கு முன்னாடி அவங்களைத் தனியா ஒரு வார்த்தை கேக்கறதும் பாதுகாப்பு தான், இதுல ரெண்டாவதை மறக்கறது ரொம்ப சுலபம்.

இது நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல, சட்டமே இப்படித்தான் சொல்லுது. வீடு இல்லாம ரோட்டுல சுத்தற மனநோயாளியைப் பாத்தா காணாமப் போனவர்னு எஃப்.ஐ.ஆர் போடணும், குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கற பொறுப்பு ஸ்டேஷன் அதிகாரிக்கு, அவரை லாக்கப்ல வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகணும், இது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 100வது பிரிவு. ஆனா சட்டம் தானா நடக்காது, "இந்த ஃபைல்ல எஃப்.ஐ.ஆர் காப்பி எங்க"ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் தான் சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்கர், அதாவது மனநலத் துறை சமூகப் பணியாளர், உங்க பொண்ணு ஆகணும்னு சொல்றது அது.

ஏர்வாடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலையில தீ, தனியார் காப்பகம், சங்கிலியில கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம 28 மனநோயாளிங்க செத்தாங்க. சுப்ரீம் கோர்ட்டே தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. அந்த சங்கிலிக்கு, நான் சொன்ன அதே 2017 சட்டத்தோட 95வது பிரிவுல "எந்த வடிவத்துலயும் கூடாது"ன்னு தடை வந்தது, அது அமலுக்கு வந்தது 2018 மே 29ல. 97வது பிரிவைப் படிச்சா இன்னும் நுணுக்கமா இருக்கும், ஒருத்தரைக் கட்டுப்படுத்தறதுன்னா அப்போ அவருக்கோ மத்தவங்களுக்கோ உடனடி ஆபத்து இருக்கணும், வேற வழி இருக்கக்கூடாது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதி குடுக்கணும், ஏன் எவ்வளவு நேரம்னு குறிப்புல எழுதணும், 24 மணி நேரத்துக்குள்ள அவரோட நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பா முடிவெடுக்க உதவறவருக்கு, தகவல் சொல்லணும். "ஆள் பத்தல, அதான் கட்டிப் போட்டோம்"ங்கற காரணமே செல்லாதுன்னு அதுலயே இருக்கு. எனக்கு அந்தச் சட்டத்துல ரொம்பப் புடிச்ச வரி அது தான், ஏன்னா நிஜத்துல எப்பவும் சொல்ற காரணம் அது தான்.

இப்போ உங்க பயத்துக்கு வரேன். "யாராவது அடிச்சுட்டா?" நியாயமான கேள்வி. ஆபத்தே இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். ஆனா மனநோய் உள்ளவங்க அடுத்தவங்களை அடிக்கறதை விட அடுத்தவங்ககிட்ட அடி வாங்கறது தான் அதிகம், இது திரும்பத் திரும்ப ஆராய்ச்சியில வந்த விஷயம். பயிற்சியிலயே சொல்லித் தருவாங்க, கதவுக்குப் பக்கத்துல இருக்கற நாற்காலியில உக்காரு, முதல் தடவை வீட்டுக்குப் போகும்போது தனியாப் போகாதே, எங்க போறேன் எத்தனை மணிக்கு வருவேன்னு எழுதி வச்சுட்டுப் போன்னு. நான் நிஜமா கவலைப்படறது உடம்புக்கு வர்ற ஆபத்தைப் பத்தி இல்ல, கேட்ட கதையெல்லாம் ராத்திரி தூங்க விடாது பாருங்க, அதைப் பத்தி. அதுக்கு மருந்து சூப்பர்விஷன். வாரம் ஒரு தடவை ஒரு சீனியர்கிட்ட உக்காந்து இறக்கி வைக்கணும், அந்த ஏற்பாடு இல்லாத இடத்துல வேலைக்குச் சேராதேன்னு இப்பவே சொல்லி வைங்க.

படிப்பு விஷயம். எந்த டிகிரி முடிச்சாலும் எம்.எஸ்.டபிள்யூ படிக்கலாம், ரெண்டு வருஷம், பி.காம் தடையே இல்ல. ஸ்பெஷலைசேஷன் தேர்ந்தெடுக்கும்போது தான் முக்கால்வாசி வீட்டுல சண்டை வரும், அங்க ஹெச்.ஆர்னு ஒண்ணு இருக்கும், சொந்தக்காரங்க எல்லாரும் அதை எடுன்னு சொல்லுவாங்க. அவளுக்கு இந்த வேலை தான் வேணும்னா எடுக்க வேண்டியது மெடிக்கல் அண்ட் சைக்யாட்ரிக். காலேஜ் பேரைப் பாக்காதீங்கன்னு சொல்லமாட்டேன், மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) 1936ல ஆரம்பிச்சது, சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க் 1952ல ஆரம்பிச்சது, பேர் சும்மா வரல. ஆனா பேரை விட முக்கியமா நான் கேக்கச் சொல்றது ஃபீல்டு ஒர்க் பத்தி. வாரத்துல எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரி, அங்க பாத்து சொல்லிக் குடுக்க ஒரு சோசியல் ஒர்க்கர் இருக்காரா, இல்ல பசங்களை அனுப்பிட்டு அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து மட்டும் வாங்கறாங்களா. அட்மிஷன் ஆபீஸ்ல கேக்காதீங்க, ரெண்டாம் வருஷம் படிக்கற பசங்களைக் கேன்டீன்ல புடிச்சுக் கேளுங்க.

ஒரு சிக்கல் இருக்கு, அதை மறைக்கமாட்டேன். சட்டத்துல சைக்யாட்ரிக் சோசியல் ஒர்க்கர்னா யாருன்னா, எம்.எஸ்.டபிள்யூக்கு மேல இதே துறையில ரெண்டு வருஷம் முழுநேர எம்.ஃபில் முடிச்சவங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி பெரிய மனநல நிறுவனங்கள் தான் அந்தப் படிப்புக்குப் பேர் போனது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022ல எம்.ஃபிலை மொத்தமா நிறுத்திட்டு, இதுக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் அவகாசம் குடுத்துச்சு. அதனால உங்க பொண்ணு எம்.எஸ்.டபிள்யூ முடிக்கற நேரத்துல, அதுக்கு மேல எந்தப் பேர்ல படிப்பு இருக்கு, அது சட்டத்துல செல்லுமான்னு அந்த நிறுவனத்துகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு தான் பணம் கட்டணும். வாய் வார்த்தையில "எல்லாம் ஒண்ணு தான் சார்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேற, அதுக்கு ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேணும், அந்த வழி சைக்காலஜி படிச்சவங்களுக்கு, இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

வேலை கிடைக்குமா? கிடைக்கும், ஆனா முதல் சில வருஷம் ஒப்பந்தப் பணியா இருக்க வாய்ப்பு அதிகம், சம்பளத்தை ஐடி பசங்களோட ஒப்பிட்டா வீட்டுல நிம்மதி போயிடும். 1996ல ஆரம்பிச்ச மாவட்ட மனநலத் திட்டத்துல இந்தப் பதவி இருக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு, பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, 14416ங்கற நம்பர்ல டெலி மனஸ்னு மனநல ஹெல்ப்லைன் 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, அதுலயும் ஆள் எடுக்கறாங்க. 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட், 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கற கல்வி நிறுவனத்துல எல்லாம் தகுதியான கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சோசியல் ஒர்க்கரோ ஒருத்தராவது இருக்கணும்னு சொல்லியிருக்கு.

பள்ளிக்கூடம்னு வந்ததும் ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு பத்து வயசுக் குழந்தை வந்து "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்"னு கேக்கும். இரக்கம் மட்டும் இருக்கறவங்க உடனே சத்தியம் பண்ணிடுவாங்க. பண்ணக்கூடாது. குழந்தை மேல பாலியல் கொடுமை நடந்திருக்குன்னு தெரிஞ்சா புகார் குடுக்கறது போக்சோ சட்டத்தோட 19வது பிரிவுப்படி கட்டாயம், மறைச்சா தண்டனை உண்டு. அதனால சரியான பதில், "உன்னைப் பத்திரமா வச்சுக்க சில பேர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டி வரலாம்மா, யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன், இப்போ சொல்றியா"ன்னு. இந்த ஒரு வாக்கியத்தை முகம் மாறாம சொல்லப் பழகறதுக்கே பசங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆகுது.

அவளுக்கு இது ஒத்துவருமான்னு பாக்க நான் எல்லாருக்கும் குடுக்கற சின்ன வேலை ஒண்ணு இருக்கு. வீட்டுல வயசானவங்க யாராவது ஒருத்தர்கிட்ட, எதுக்குன்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டு, அரை மணி நேரம் உக்காரணும், போன் கூடாது, அட்வைஸ் கூடாது, அவங்க சொல்றதைக் கேட்டுட்டு வந்து அரைப் பக்கம் எழுதணும். "பாட்டி சோகமா இருந்தாங்க"ன்னு எழுதினா நான் திருப்பிக் குடுத்துடுவேன், அது அவ நினைச்சது. "தாத்தா பேச்சு வந்ததும் பேசறதை நிறுத்திட்டாங்க, ரெண்டு தடவை கேட்டும் பதில் சொல்லல, புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கிட்டே இருந்தாங்க"ன்னு எழுதினா அது குறிப்பு. இதை சலிக்காம செய்யறாளா, இல்ல பத்து நிமிஷத்துல எழுந்து வந்து "அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதை தான்"கிறாளான்னு பாப்போம்.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க, அந்த அரைப் பக்கத்தை அவளைக் கொண்டு வரச் சொல்லுங்க. நீங்க அதை வீட்டுல எடுத்துப் படிக்காதீங்க சார், உங்க அம்மாவைப் பத்தினதா இருந்தாலும் சரி.