இம்யூனோதெரபி இருக்கும்போது கரண்ட் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கும்பகோணம் பக்கம் விவசாயம். முப்பது வருடமாக பீடி பிடிப்பவர். இருமல் நிற்காமல், சளியில் ரத்தமும் வந்ததால் கொண்டுபோய்க் காட்டினோம். நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை, 3பி நிலை, ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். ஆறு வாரம் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ, அது முடிந்ததும் ஒரு வருடம் இம்யூனோதெரபி ஊசி என்று திட்டம். என் சித்தப்பாவோ, "கரண்ட் வைத்தால் இருக்கிற எதிர்ப்பு சக்தியும் போய்விடும். வெளிநாட்டில் ஊசியிலேயே கேன்சரைக் கரைக்கிறார்கள், நேராக அதையே போடுவோம்" என்கிறார். அதற்காக மூன்று மா நிலத்தை விற்கவும் பேசிக்கொண்டிருக்கிறோம். கரண்ட் இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் போதாதா? கரண்ட் வைக்கும் நாட்களில் பேரப் பிள்ளைகளை அவர் அருகில் விடலாமா?

பதில்: கரண்டை, அதாவது கதிர்வீச்சு சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். நிலத்தை விற்கும் பேச்சையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அப்பாவின் பயாப்ஸி திசுவில் இரண்டு சோதனைகள் பாக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த மருந்து அவருக்கு வேலை செய்யும் என்பதை அந்த ரிப்போர்ட்டுகள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் நிலம் கைமாறிவிடக் கூடாது.

உங்கள் சித்தப்பா கேள்விப்பட்ட செய்தி பொய்யில்லை. 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை (நம் எதிர்ப்பு மண்டலத்தையே புற்றுநோயைத் தாக்க வைக்கும் மருந்து) மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். கதிர்வீச்சு இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. உலகமே பேசியது, நம் ஊர் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. ஆனால் அந்த 12 பேரையும் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வாட்ஸ்அப்பில் வரவில்லை. செல் பிரியும்போது டிஎன்ஏ-வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கென்றே நம் உடம்பில் சில புரதங்கள் உண்டு. அவர்கள் கட்டிகளில் அந்தத் திருத்தும் வேலை பழுதாகியிருந்தது. பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிய, அந்தக் கட்டி எதிர்ப்பு செல்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிந்தது. அதனால்தான் மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. மலக்குடல் புற்றுநோயிலேயே நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இந்தப் பழுது இருக்கும். நுரையீரலில் அது மிக மிக அபூர்வம். ஆகவே அந்த வெற்றியை அப்படியே அப்பாவுக்கு எடுத்துவர முடியாது.

சரி, அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சைக்கு என்ன ஆதாரம்? பசிஃபிக் என்ற ஆய்வு. ஆபரேஷன் செய்ய முடியாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 713 பேர் அதில் இருந்தார்கள். எல்லோருமே முதலில் கதிர்வீச்சும் கீமோவும் எடுத்து முடித்தவர்கள். அதன் பிறகு ஒரு பகுதியினருக்கு டுர்வாலுமாப் ஊசி ஒரு வருடம் வரை. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி ஊசி. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 42.9 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 33.4 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். இந்த இரண்டாவது எண்ணை உங்கள் சித்தப்பாவிடம் காட்டுங்கள். இந்த ஊசி இல்லாமலே மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டைத் தாண்டியிருக்கிறார் என்றால், அதில் பெரும்பங்கு கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும்தான். ஊசி அதன் மேல் நூற்றுக்கு இன்னும் ஏறக்குறைய பத்துப் பேரைச் சேர்க்கிறது. அடித்தளத்தை எடுத்துவிட்டு மேலே இருப்பதை மட்டும் வாங்க நிலத்தை விற்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

இரண்டும் சேர்ந்து வேலை செய்வதன் காரணம் செல்லுக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் புற்றுநோய் மருத்துவத் துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

கதிர்வீச்சு புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏ-வை முறிக்கிறது. கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்வோம். ஒரு கிரே அளவுக்கு ஒரு செல்லில் ஏறக்குறைய 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுகின்றன. நல்ல செல்கள் மறுநாளைக்குள் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய்ச் செல்களுக்கு அந்தத் திறன் பொதுவாகக் குறைவு. தினம் 2 கிரே வீதம் 30 நாள், மொத்தம் 60 கிரே என்று பிரித்துக் கொடுப்பது இதற்காகத்தான். இவ்வளவும் பழைய பாடம். புதிதாகத் தெரிந்தது என்னவென்றால், முறிந்த டிஎன்ஏ துண்டுகள் செல்லின் உட்கருவை விட்டு வெளியே கசிகின்றன. டிஎன்ஏ இருக்கக் கூடாத இடம் அது. பெரும்பாலும் வைரஸ் நுழைந்தால்தான் அங்கே டிஎன்ஏ தென்படும். அதைக் கண்காணிக்க சி-காஸ் என்று ஒரு புரதம் அங்கே இருக்கிறது. துண்டைக் கண்டதும் அது வைரஸ்தான் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஸ்டிங் என்ற அடுத்த புரதம் வழியாக, அபாயச் செய்தி சொல்லும் இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கிறது. அதைக் கேட்டு எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் வருகின்றன. அதாவது, அதுவரை கவனத்துக்கே வராமல் வளர்ந்த கட்டியை எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது கதிர்வீச்சு.

ஆனால் கட்டியும் சும்மா இருப்பதில்லை. கதிர் பட்ட செல்கள் பி.டி.-எல்1 என்ற புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் அதிகமாக நிறுத்துகின்றன. தாக்க வரும் டி-செல் என்ற எதிர்ப்பு அணுவின் மேல் இருக்கும் பி.டி.-1 என்ற பிரேக்கை அது அழுத்திவிடும். வந்த அணு செயலற்று நின்றுவிடும். அந்த பி.டி.-1-ஐ 1992-இல் கண்டறிந்தது கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக் குழு. வேறொரு பிரேக்கை விடுவித்துக் காட்டிய அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்த்து 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டுர்வாலுமாப் செய்வதெல்லாம் பி.டி.-எல்1-ஐ மறைத்து, அந்தப் பிரேக்கில் கால் படாமல் பார்த்துக்கொள்வதுதான். அது எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் டானிக் இல்லை. அந்தப் பெயரில் விற்கும் பொடிகளுக்கும் லேகியங்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

"எதிர்ப்பு சக்தி போய்விடும்" என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். லிம்போசைட் என்ற எதிர்ப்பு அணுக்கள் கதிரால் மிக எளிதில் அழிபவை. மார்பு வழியாக ஓடும் ரத்தத்தில் இருக்கும்போதே பல அழிகின்றன, ரத்தப் பரிசோதனையில் அந்த எண்ணிக்கை குறைவதைப் பார்க்கிறோம். அதனால்தான் முன்பு போல மார்பின் நடுப்பகுதி முழுவதையும் கதிரில் வைக்காமல், பெட் ஸ்கேனில் நோய் தெரியும் நிணநீர்க் கணுக்களை மட்டும் குறிவைக்கிறோம். அப்பாவை முதல் நாள் திட்டமிடலுக்கு அழைக்கும்போது நீங்களே பார்க்கலாம்: கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, உடம்பின் வடிவுக்கேற்ப இறுகும் மெத்தையில் படுக்க வைப்பார்கள். மூச்சு ஏறி இறங்கும்போது கட்டி எவ்வளவு நகர்கிறது என்று சி.டி.-யில் பதிவு செய்வார்கள். மார்பில் மையால் கோடு போடுவார்கள், அதைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. இத்தனை மெனக்கெடலும் கதிர் ஒரு சென்டிமீட்டர்கூட வீணாகப் படரக் கூடாது என்பதற்காக.

இரண்டையும் ஒன்றாகவே ஆரம்பித்தால் இன்னும் நல்லதல்லவா என்று அடுத்துத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பசிஃபிக்-2 ஆய்வில் முதல் நாளிலிருந்தே டுர்வாலுமாபைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயிலும் அப்படிச் செய்த பெரிய ஆய்வுகள் ஏமாற்றின. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு சேர்த்தே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்தபோது, மூன்று ஆண்டு பிழைத்திருப்பவர்கள் 74.8 சதவீதத்திலிருந்து 82.6 ஆக உயர்ந்தார்கள். உறுப்புக்கு உறுப்பு கணக்கு மாறுகிறது. அப்பாவின் நோய்க்கு, முதலில் கதிர்வீச்சும் கீமோவும், பிறகு ஊசி என்ற வரிசைதான் நிரூபிக்கப்பட்டது.

இனி அந்த இரண்டு சோதனைகள். ஒன்று, பி.டி.-எல்1. அந்தப் புரதம் கட்டியின் செல்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் மட்டுமே இருந்தால் டுர்வாலுமாபின் பலன் சந்தேகத்துக்குரியது. ஐரோப்பாவில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குத்தான் இந்த மருந்துக்கு அனுமதி. அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாவது, அதைவிட முக்கியமானது, செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவின் சோதனை. இந்தியாவில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதில் மாற்றம் இருக்கிறது. பீடி பிடித்தவர் என்பதால் அப்பாவுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று விட்டுவிட முடியாது. மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தராது. அந்த மாற்றத்தையே குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரைதான் சரி. 2024-இல் வெளியான லாரா ஆய்வில், கதிர்வீச்சும் கீமோவும் முடித்து இந்த மாத்திரையை எடுத்தவர்களுக்கு நோய் திரும்ப வளராமல் இருந்த காலம் நடுமதிப்பில் 39.1 மாதம், எடுக்காதவர்களுக்கு 5.6 மாதம்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிப்போர்ட் வருவதற்குள் அவசரப்பட்டு ஊசி போட்டுவிட்டு, பிறகு மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் கடுமையாக வீங்கக்கூடும். ஊசியின் பாதிப்பு உடம்பில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

இவற்றை இன்றே கேளுங்கள். பயாப்ஸியில் எடுத்தது நூல் போன்ற சில துணுக்குகள்தான். அதை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த 'பிளாக்'கிலிருந்து மெல்லிய சீவல்களாக எடுத்துத்தான் ஒவ்வொரு சோதனையும் செய்கிறார்கள். தேவையில்லாத சாயச் சோதனைகளுக்கே திசு தீர்ந்துபோய், மரபணுச் சோதனைக்கு எதுவும் மிஞ்சாமல் திரும்ப ஊசி குத்த வேண்டிய நிலையை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாக் எங்கே இருக்கிறது, திசு மிச்சம் இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் விசாரியுங்கள். ரிப்போர்ட்டுக்காகக் கதிர்வீச்சைத் தள்ளிப்போட வேண்டாம். அது முடிவதற்குள் ரிப்போர்ட் வந்துவிடும்.

பண விஷயம். கதிர்வீச்சுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும், கார்டை எடுத்துப் போங்கள். டுர்வாலுமாப், ஒசிமெர்டினிப் இரண்டுக்கும் 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கினார்கள். அப்படியும் விலை லட்சங்களில்தான். பசிஃபிக் ஆய்வில் கதிர்வீச்சு முடிந்து 42 நாட்களுக்குள் ஊசியை ஆரம்பித்தார்கள். ஆகவே மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டத்துக்கான விண்ணப்பத்தை, கதிர்வீச்சின் முதல் வாரத்திலேயே மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். குறைந்த அளவு நிவோலுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் அருமையான ஆய்வு அது: குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, மாத்திரைகளோடு வெறும் 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்ததில், ஓராண்டு பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். ஏழை நாடுகளுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் வேண்டும். ஆனால் அது வேறு நோய், வேறு நிலை. அதை வைத்து அப்பாவின் மருந்தளவை நாமாகக் குறைக்க முடியாது.

ஊசி ஆரம்பித்த பிறகு புதிதாக வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு தாமதமின்றித் தொடங்க வேண்டியிருக்கும். நம் ஊரில் இதைக் காசநோய் என்று நினைத்து, சி.டி. எடுக்காமல், சளியைச் சோதிக்காமல் மாத்திரை ஆரம்பித்துவிடுவது நடக்கிறது. இரண்டில் எது என்று பார்த்த பிறகே மருந்து. ஓயாத வயிற்றுப்போக்கு, அளவுக்கு மீறிய அசதி இருந்தாலும் சொல்லுங்கள். தைராய்டை அவ்வப்போது சோதிப்பார்கள். முடக்குவாதம், சொரியாசிஸ் போன்றவை ஏற்கெனவே இருந்தால் ஊசிக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

பேரப் பிள்ளைகள் தாராளமாக அவர் மடியில் உட்காரலாம். கருவியை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. நிற்க வேண்டியது அப்பாவின் பீடிதான், அதுவும் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே. இந்தச் சிகிச்சையின் பலனைக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தனியாக நிறுத்த முடியாவிட்டால் மருத்துவமனையில் கேளுங்கள், நிகோடின் கம் கொடுத்து உதவுவார்கள்.