கடைச் சாப்பாடு காலடியிலேயே கிடைக்கும் சிங்கப்பூரில், வீட்டுச் சமையலுக்குச் செலவாகும் நேரம் தகுமா?

தகும் என்பதே என் பதில். ஆனால், அந்த நேரத்தை முழுமையாகக் கணக்கிட்ட பிறகே அவ்வாறு சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் சமைத்துவிடலாம் என்பவர்கள் பெரும்பாலும் அடுப்பு எரியும் நேரத்தை மட்டுமே சொல்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒருவர் நின்றுகொண்டே செய்யும் வேலை அவர்கள் கண்ணில் படுவதில்லை.

வாழைப்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் வாங்கி வந்துவிடலாம். அதன் பிறகு மடல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஒவ்வொரு பூவிலிருந்தும் வேகாத நரம்பையும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சிறு செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும். நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். கையில் முன்பே எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் கறை எளிதில் போகாது. இத்தனைக்கும் பிறகு வாணலியில் ஏறினால், வதங்கி இறங்கக் கால் மணி நேரம் போதும்.

கை வேலையை விட எனக்கு அயர்ச்சி தருவது நினைவு வேலைதான். இந்த ஊர் வெப்பத்தில் இட்லி மாவு எவர் தயவுமின்றி இரவோடிரவாகப் பொங்கிவிடும். ஆனால், முந்தைய நாளே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட ஒருவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். எந்தக் காய் வாடப்போகிறது, தேங்காய் மீதமிருக்கிறதா, இரத்த அழுத்தம் உள்ள மாமனாருக்கு எதில் உப்பைக் குறைப்பது என்ற கணக்கு அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பணிப்பெண்ணின் உழைப்பும் உழைப்பே என்பதை அங்கே பலர் மறந்துவிடுகிறார்கள்.

உணவங்காடிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது மிகவும் பொருத்தமானது. விடியுமுன் எழுந்து குழம்பு கூட்டும் கடைக்காரர்களின் உழைப்பு மலிவாகப் பார்க்கப்படுவதும் எனக்கு வருத்தம் தருகிறது. இருப்பினும் அன்றாடம் கீரையும் ரசமும், எண்ணெயும் உப்பும் நம் அளவில் அமைந்த கூட்டும் வேண்டுமென்றால், அதற்கு வீட்டு அடுப்புதான் வழி.

அந்த வேலை முழுவதும் ஒருவர் மீதே விழுமானால், தகும் என்று நான் சொல்ல மாட்டேன். காய் நறுக்கிக் கொடுப்பதை மட்டும் உதவியென்று எண்ணக் கூடாது. என்ன சமைப்பது என்று யோசிப்பதையும், தீர்ந்துபோன மளிகையைக் கவனிப்பதையும், கிரைண்டர் கழுவுவதையும் சேர்த்தே பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மாவு முழுக்க என் கணவரின் பொறுப்பு. உளுந்து தீர்ந்துவிட்டதா என்று நான் பார்ப்பதே இல்லை. இருவரும் களைத்துத் திரும்பும் நாள்களில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயுள்ள காப்பிக்கடையில் தோசை வாங்கிக்கொள்கிறோம். அதற்காக யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.